இரவல் சிவப்பு

மேகலாவின் கைப்பேசிக்கு அந்தச் செய்தி வந்தபோது, அவள் ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தானாக ஓடும் கார்கள் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் திருப்பூர்க்காரர்களுக்கு ஸ்டீயரிங்கைத் தங்கள் கையால் பிடித்தால்தான் கார் வாங்கிய திருப்தி. அதனால் மேகலாவின் டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு குறையும் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

"கிளச்சுங்க, கிளச்சு! மிதிக்கறதுன்னா மிதிக்கோணும். தொட்டுக் கும்பிடறதுக்கு அது என்ன சாமியா?"

முதலாளி மிதித்தார். கார் குலுங்கி நின்றது. அந்த இடைவெளியில் அவள் செய்தியைப் படித்தாள்.

'அன்புள்ள பெற்றோருக்கு. தங்கள் மகன் தருண், பதினொன்றாம் வகுப்பு, மூன்று வாரங்களாகத் தொடர்ந்து சிவப்பு. பதற்றப்பட வேண்டாம். உடனடியாகப் பள்ளிக்கு வரவும்.'

பதற்றப்பட வேண்டாமாம், உடனடியாகவும் வரவேண்டுமாம்! முதலாளியை அப்படியே ரோட்டோரத்தில் இறக்கிவிட்டு, "நாளைக்கு வாங்க, காசு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பறந்தாள்.

தருணா? அவள் பெற்ற தருணா? நேற்று ராத்திரி ஏழு பரோட்டாவைத் தின்றுவிட்டு, குருமா போதவில்லை என்று சண்டை போட்ட அந்தத் தடிமாட்டுக்கா மனச்சோர்வு?

இந்தச் சிவப்பைச் சொல்லும் பட்டையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது ஒரு கறுப்பு ரப்பர் வளையம். விளக்கு, திரை எதுவும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் எல்லார் மணிக்கட்டிலும் இருக்கும். நாடி, தூக்கம், குரல், அழுகை எல்லாவற்றையும் கவனித்து, பிள்ளையின் மனசு எப்படி இருக்கிறது என்று பெற்றோரின் கைப்பேசிக்கும் பள்ளிக்கும் நிறமாக அனுப்பும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனி. சிவப்பு என்றால் மனச்சோர்வு, டாக்டரிடம் கூட்டிப்போ. பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை, பெற்றவர்களுக்குப் பார்க்க நேரமில்லை, இயந்திரமாவது பார்க்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள்.

நல்ல எண்ணத்தில் வந்த மற்றதெல்லாம் நம் ஊரில் என்ன ஆனதோ, அதுவேதான் இதற்கும் ஆயிற்று. வருஷம் முழுக்கப் பச்சை வாங்கிய பிள்ளைகளை மேடையேற்றிக் கைதட்டினார்கள். பச்சை குறையாமலிருக்கத் தனி டியூஷன் முளைத்தது. பெரிய காலேஜ்களில் சீட்டுக் கேட்டுப் போனால் மார்க்கைப் பார்க்கும் முன்பு நிறத்தைப் பார்த்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, காப்பியைக் குடித்துக்கொண்டே, "பள்ளிக்கூடத்துல என்ன கலருங்க?" என்று விசாரித்தார்கள்.

பள்ளியின் மனநல ஆலோசகர் ஷீபா மேடம் சின்ன வயசுக்காரி. கையில் ஒரு கணினிப் பலகையை வைத்துக்கொண்டு அதிலிருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"நல்லாத் தூங்கறானா?"

"இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டானுங்க."

"அதிகத் தூக்கம்." குறித்துக்கொண்டாள். "சாப்பாடு?"

"எங்களைத்தான் இன்னும் திங்கலை."

"அதிகமாச் சாப்பிடறான்." அதையும் குறித்துக்கொண்டாள்.

"ஏனுங் மேடம், அவன் பொறந்ததுல இருந்தே அப்படித்தானுங்க. எந்நேரமும் பல்லைக் காட்டிட்டுத்தான் திரியறான்."

"சிரிச்சு மறைக்கறான். நிறையப் பிள்ளைங்க அப்படித்தான், அம்மா."

மேகலாவுக்குத் தலை சுற்றியது. அழுதாலும் நோய், சிரித்தாலும் நோய் என்றால் இவள் முன்னால் மூஞ்சியை எப்படித்தான் வைத்துக்கொண்டு உட்காருவது? "மெஷின் தப்பா இருக்காதுங்களா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"மெஷின் தப்பாகாது" என்றாள் ஷீபா, மிகவும் அன்பாக. "நாமதான் சில சமயம் பார்க்கத் தவறிடறோம்."

அந்த ஒரு வார்த்தை மேகலாவின் நெஞ்சில் தைத்துவிட்டது. கோயம்புத்தூரில் குழந்தைகள் மனநல மையத்தில் அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்க நேரம் போட்டுக் கொடுத்தார்கள். அதுவரைக்கும் பையனைத் திட்டக்கூடாது. வாராந்திரப் பரீட்சை இந்த மாசம் முழுக்க அவனுக்குக் கிடையாது. வீட்டுப்பாடமும் கிடையாது.

வீட்டில் அவள் புருஷன் செந்தூரன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னது ஒரே வாக்கியம்தான். "உன்ற வாய்தான்டி காரணம். ரோட்டுல கத்தறது பத்தாதுன்னு வீட்டுலயும் கத்தறே."

வேறு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஒருவேளை உண்மைதானோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையின் மனசில் என்ன இருக்கிறது என்று ஒரு ரப்பர் வளையம் வந்து சொல்ல வேண்டியிருக்கிறதே என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அப்புறம் வந்த நாட்களில் அந்த வீட்டில் நடந்ததை அக்கம்பக்கத்தவர் நம்பவே மாட்டார்கள். மேகலா கத்தவில்லை. ஈரத்துண்டு கட்டிலில் கிடந்தாலும் எடுத்துக் காயப்போட்டாள். "கண்ணு, சாமி, பஜ்ஜி போடட்டுமா?" என்று கேட்டாள். கேட்ட மகராசன், "வெங்காய பஜ்ஜி வேண்டாம்மா, மொளகா பஜ்ஜி" என்றான். மனச்சோர்வு வந்த பிள்ளை இவ்வளவு விவரமாக பஜ்ஜி கேட்குமா என்று உள்ளே ஒரு குரல் முனகியது. 'பார்க்கத் தவறிடறோம்' என்ற ஷீபாவின் குரல் அதை அடக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் பிரியாணி. செந்தூரன் பிரிண்டிங் பட்டறைக்கு அவசர வேலை என்று போய்விட்டான். தருண் தின்றுவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் சோபாவில் சாய்ந்தவன், வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட ஆரம்பித்தான். மேகலா தரையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி அதிர்ந்தது.

'அவசரம். தங்கள் மகன் அழுதுகொண்டிருக்கிறார். தயவுசெய்து அருகில் செல்லவும்.'

மேகலா கைப்பேசியைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் குறட்டையில் ஜன்னல் திரை ஆடாத குறைதான்.

'தங்கள் மகன் இன்னும் அழுதுகொண்டிருக்கிறார். அவரைக் கட்டியணைக்கவும்.'

கட்டியணைக்கவா? அவன் காதைப் பிடித்து ஒரே திருகாகத் திருகினாள். "எந்திரிடா! அழுதியாடா நீ?"

"ஐயோ, விடும்மா! பிரியாணி சாப்பிட்டுட்டு எவனாச்சும் அழுவானா?"

"அப்ப இந்த மெஷின் எதுக்குடா ஒப்பாரி வெக்குது? கையைக் காட்டு! இது உன்ற பட்டைதானா?"

தருண் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அப்போது மேகலாவுக்குப் புரிந்துவிட்டது. நாலு நாளாக அடக்கி வைத்திருந்த கத்தல் மொத்தமும் வெளியே வந்தது. பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டார்கள்.

விஷயம் இதுதான். ஆள் மாறினால் கண்டுபிடிக்கும் வசதி பட்டையில் இருந்தது. ஆனால் நம் ஊர் வெயிலில் வேர்த்து ஊற்றும்போதெல்லாம் 'ஆள் மாறிவிட்டது' என்று அது அலறிக்கொண்டே இருந்ததால், அந்த வசதியையே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? பி.டி. பீரியடில் கழற்றி வைத்த பட்டைகள் ஒரு நாள் மாறிப்போய் அப்படியே தங்கிவிட்டதில், நிகில் என்ற பையனுக்குச் சிவப்பு வந்தது. பரீட்சை ரத்து, வீட்டுப்பாடம் ரத்து, வீட்டில் ராஜ மரியாதை. அப்புறம் டாக்டர் 'நல்லா இருக்கான்' என்று அனுப்பிவிட்டார். அடடா, இது நல்லா இருக்கே என்று வரிசையாகக் கிளம்பிவிட்டார்கள். எல்லாரும் பச்சைக்காகத் திருடுவார்கள் என்றுதான் பெரியவர்கள் காவல் போட்டிருந்தார்கள். சிவப்பை எவனாவது இரவல் வாங்குவான் என்று யாருக்குத் தோன்றும்?

"யாருகிட்டடா குடுத்தே?"

"ஆதிரைகிட்ட. எங்க கிளாஸ்தான். பஸ்ல வருவா. அவ கட்டுனாப் போதும்மா, கேரண்டி சிவப்பு. ஒரு தடவைகூட மிஸ் ஆனதில்லை. எங்களுதை அவ கட்டிக்குவா, அவளுதை நாங்க கட்டிக்குவோம். நிகிலு, பிரணிகா, விஷாலு, இப்ப நான்."

"அவளுக்கு என்னடா குடுத்தீங்க?"

"ஒண்ணும் வாங்க மாட்டாம்மா. பஸ்ல ஜன்னல் சீட்டு போட்டு வைப்போம். மொதல்ல அவகூட யாரும் உக்கார மாட்டாங்க, அதான்."

"எப்படிடா அவளுக்கு மட்டும் சிவப்பு வருது?"

"ஏதோ டெக்னிக் வெச்சிருக்காம்மா" என்றான் தருண், உண்மையான மரியாதையோடு. "நாங்களும் சோகப் பாட்டெல்லாம் கேட்டுப் பார்த்தோம், வரலை. அவ செம்ம ஆளு."

மேகலாவின் கையில் கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. இன்னும் அழுதுகொண்டிருக்கிறார் என்றது. எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பெண்பிள்ளை இவ்வளவு நேரமாக அழுதுகொண்டிருக்கிறது. அதன் அம்மாவின் கைப்பேசிக்கு என்ன செய்தி போயிருக்கும்? இந்தக் குறட்டைதான் போயிருக்கும்.

"டேய் முட்டாளு" என்றாள். "அது டெக்னிக் இல்லடா."

கார் சாவியை எடுத்தாள். மகனையும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆதிரையின் வீடு ஊருக்கு வெளியே புதிதாக வந்த குடியிருப்பில் இருந்தது. அப்பாவுக்கு சூரத்தில் வியாபாரம், மாசத்துக்கு ஒரு தரம்தான் வருவார். அம்மா கௌசல்யா கதவைத் திறந்தாள். யாரென்று தெரிந்ததும், "வாங்க வாங்க" என்று சொன்னாளே தவிர, முகத்தில் ஒரு தயக்கம். தருணுக்குச் சிவப்பு என்று பெற்றோர் குழுவில் அதற்குள் பரவியிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தருணை வாசலிலேயே நிறுத்திவிட்டு மேகலா உள்ளே போனாள். அந்த வீட்டு நாய் அவனை முகர்ந்து பார்த்து உறுமிக்கொண்டிருந்தது.

"ஆதிரை என்ன பண்றாளுங்க?"

"மேல ரூம்ல படிச்சுட்டிருக்கா. எந்நேரமும் படிப்புதானுங்க. விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு உக்காந்துக்குவா. ஷட்டில் விளையாட்டெல்லாம் அவளே விட்டுட்டா. கூட்டாளிங்க வீடு, சினிமா, ஒண்ணுக்கும் போறதில்லை. சோறுகூட அளவாத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைங்கள்ல இப்படி ஒரு அடக்கம் எங்கிங்க இருக்கு?"

மேகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்கமில்லை, பசியில்லை, விளையாட்டில்லை, கூட்டாளியில்லை. இதையெல்லாம் அடுக்கிவிட்டு அடக்கம் என்று பெயர் வைத்திருக்கிறாளே இந்தப் பொம்பளை! ஷீபா மேடத்தின் கேள்விகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் அந்தக் கேள்விகளை இந்த வீட்டில் யாரும் கேட்கப் போவதில்லை. பச்சைப் பிள்ளையிடம் யார் கேட்பார்கள்?

"அவ அழறாளுங்க" என்றாள் மேகலா. "உங்க பொண்ணுதான் அழுதுட்டிருக்கா. பட்டை மாறிப்போச்சு." ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

கௌசல்யாவின் முகம் கறுத்தது. "உங்க பையனுக்குச் சிவப்பு வந்துட்டா, அதுக்கு என்ற பொண்ணு தலையில கொண்டாந்து கொட்டறீங்களா? ஜூன்ல இருந்து ஒரு நாள்கூட அவளுக்கு மஞ்சள்கூட வந்ததில்லைங்க. வேணும்னா இப்பவே பாருங்க" என்று கைப்பேசியை எடுத்தாள்.

வாசலில் நாய் ஒரு பாய்ச்சல் பாய்ந்து குரைத்தது. கைப்பேசி 'டிங்' என்றது. கௌசல்யா அலறிவிட்டாள்.

"ஐயோ, மஞ்சள்! பதற்றம்னு காட்டுது! என்ற பொண்ணுக்கு மஞ்சள் வந்துருச்சே!"

"அது உங்க பொண்ணு இல்லீங்க!" மேகலா கத்தினாள். "உங்க நாயைப் பார்த்து என்ற பையன் பயப்படறான்! அங்க பாருங்க!"

கௌசல்யா பார்த்தாள். தருண் கேட்டின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். அவன் கையிலிருந்த கறுப்பு வளையத்தைப் பார்த்தாள். கைப்பேசியைப் பார்த்தாள். ஆனாலும் மாடிப்படியைத் திரும்பிப் பார்க்க மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை.

சத்தம் கேட்டு ஆதிரையே இறங்கி வந்தாள். ஒல்லியான பெண். முகம் கழுவியிருந்தாள். "வாங்க ஆன்ட்டி" என்று அழகாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. மேகலாவுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

அவளுக்கு நயமாகப் பேசத் தெரியாது. நேராகவே கேட்டாள். "கண்ணு, மத்தியானத்துல இருந்து அழுதியா?"

ஆதிரை வாசலில் நின்ற தருணைப் பார்த்தாள். "நான் யாருகிட்டயும் சொல்லலைடா" என்றாள் அவசரமாக. "ஆன்ட்டி, அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. நானாத்தான் கட்டிக்கிட்டேன். எனக்கு எப்படியும் வருது. சும்மா வீணாப் போறதுக்கு, அவங்களுக்காவது ஆகட்டும்னு."

"என்னடி வருது?" கௌசல்யா அழுகிற குரலில் கேட்டாள். "உனக்கு என்னடி குறை வெச்சோம்?"

"ஒரு குறையும் இல்லைம்மா. அதான் எனக்கும் புரியலை."

மேகலா அவள் பக்கத்தில் போய் நின்றாள். கேட்காமல் விட்டால் இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று தோன்றியது. "செத்துப்போயிடலாம்னு எப்பவாச்சும் தோணுதா சாமி?"

"வாயைக் கழுவுங்க!" கௌசல்யா சீறினாள். "பிள்ளைகிட்ட கேக்கற கேள்வியா இது? இல்லாததை எல்லாம் மனசுல போட்டுடாதீங்க!"

"நான் போடலைங்க. இருக்கான்னுதான் கேக்கறேன்."

ஆதிரை தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து மெதுவாகப் போய்விட்டது. அது போன பிறகுதான் அவள் எவ்வளவு களைத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"தினமும் இல்லைங்க ஆன்ட்டி" என்றாள்.

கௌசல்யா வந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சாப்பிடறியா, சாப்பிடறியா" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். மேகலா கிளம்பும்போது, "பிள்ளையைத் தனியா விடாதீங்க. பக்கத்துலயே படுத்துக்கங்க. காலையில பள்ளிக்கூடம் போலாம்" என்று மட்டும் சொன்னாள். கௌசல்யா தலையை ஆட்டினாள்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது தருண், "அம்மா, சொன்னா எனக்கு டிசி குடுத்துருவாங்க" என்றான்.

"குடுக்கட்டும்."

"அவளுக்கு நெஜமாவே..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அன்றைக்கு அவன் இராச்சாப்பாடு சாப்பிடவில்லை. மேகலாவும் சாப்பிடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பள்ளியில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. இரண்டு அம்மாக்களும் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து உண்மையை ஒப்புக்கொண்டால், உடனே வைத்தியம் நடக்கும் என்று மேகலா நம்பினாள். பள்ளி முதல்வர் முதலில் செய்தது, பட்டை மோசடிக்காகத் தருணை இரண்டு வாரம் பள்ளியை விட்டு நீக்கியது. அடுத்து, இந்த விஷயம் வெளியே போகக்கூடாது என்று கைகூப்பியது. ஆதிரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இந்தப் பிள்ளையை டாக்டர்கிட்ட அனுப்புங்க மேடம்" என்றாள் மேகலா, ஷீபாவிடம் தனியாக.

ஷீபா கணினிப் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "வழியில்லைங்க அம்மா. பச்சையா இருக்கற பிள்ளைக்கு அப்பாயின்ட்மென்ட் போட இதுல பட்டனே இல்லை. இது இல்லாம வெளியில எந்த டாக்டரும் பார்க்க மாட்டாங்க. அவளோட பட்டையை அவளுக்கே மாட்டி, மூணு வாரம் சிவப்பு வந்தாத்தான் திறக்கும்."

"மூணு வாரமா! பிள்ளை வாயால சொல்லுது, நீங்க கையால தேடறீங்க!"

"எனக்கும் புரியுது."

"அது புரிஞ்சு என்னங்க பிரயோஜனம்? நெஞ்சு வலின்னு வந்தவங்கிட்ட மூணு வாரம் வலிச்சுட்டு வான்னு சொல்வீங்களா? பட்டன் இல்லைன்னா பட்டனை நம்பியா பிள்ளை பெத்தோம்?"

கௌசல்யா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஷீபா கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நாளைக்குத் தருணுக்குப் போட்ட அப்பாயின்ட்மென்டை நான் ரத்து பண்ணியிருக்கணும். மறந்துட்டேன்னு வெச்சுக்கங்க. பட்டையையும் நான் மாத்தலை."

மேகலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா இருப்பீங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை நாலு பேரும் கோயம்புத்தூருக்குக் கிளம்பினார்கள். ஆதிரை முன் சீட்டில். கௌசல்யாவும் தருணும் பின்னால். அவிநாசி தாண்டும் வரைக்கும் மேகலா மனசுக்குள் டாக்டரிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். இன்னொருத்தர் பேரில் வந்திருக்கிறீர்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால், அந்த ஆஸ்பத்திரியை ரெண்டாக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். நடுவில் ஒரு லாரிக்காரன் சிக்னல் போடாமல் திரும்பினான். அவள் ஜன்னலை இறக்கி, அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்தாள். பக்கத்தில் ஆதிரை கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. அதைப் பார்க்காதது போல மேகலா ஓட்டினாள்.

மையத்தின் வாசலில் இருந்த கருவி ஆதிரையின் மணிக்கட்டைப் படித்தது. 'வருக தருண்' என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டது. மேகலா கொஞ்சம் மூச்சு விட்டாள். உள்ளே காத்திருந்தார்கள். கௌசல்யா மகளின் கையை விடவே இல்லை. உள்ளங்கை வேர்த்தபோது கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"தருண்!" என்று கூப்பிட்டார்கள். நாலு பேரும் எழுந்து உள்ளே போனார்கள்.

டாக்டர் நசீமாவுக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, வந்தவர்களை நிமிர்ந்து பார்த்தார். மேகலா உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. தருண் இவன்தான். ஆனா பட்டை இவ கையில இருக்கு. இவளுது இவன் கையில இருக்கு. தப்புத்தானுங்க, பள்ளிக்கூடத்துல ஒத்துக்கிட்டோம். ஆனா பார்க்க வேண்டியது இவனை இல்லைங்க, இந்தப் பிள்ளையை. பச்சைன்னு சொல்லி யாரும் சேர்த்துக்க மாட்டேங்கறாங்க. நீங்களும் அதையே சொன்னீங்கன்னா..."

டாக்டர் கையை உயர்த்தினார். மேகலா நிறுத்தினாள். டாக்டர் கோபப்படவில்லை. அவர் ஆதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். அதில் நாலு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின.

"இது நிகில். இது பிரணிகா. இது விஷால். கடைசியா தருண். எல்லாம் உங்க பள்ளிக்கூடம். மூணு பேரை நான் பார்த்தாச்சு, மூணும் ஜம்முனு இருந்துச்சுங்க. ஆனா கோட்டைப் பாருங்க. விடியறதுக்கு முன்னாடி முழிப்பு. சாயங்காலம் ஆனா நாடி தளர்ந்துபோகுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா அழுகை. நாலு பேருக்கும் ஒரே நேரத்துலயா அழுகை வரும்? இது நாலு பிள்ளை இல்லை. ஒரே பிள்ளை, ஒவ்வொரு மாசமும் ஒவ்வொருத்தர் பேருல வருது." அவர் மேசையில் விரலால் தட்டினார். "உங்க பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ தடவை போன் பண்ணிட்டேன். 'மெஷின் சரியாத்தான் இருக்கு டாக்டர்'னு சொல்றாங்க. மெஷின் சரியாத்தான் இருக்குன்னுதானேய்யா நானும் தொண்டை கிழியச் சொல்றேன்!"

மேகலாவுக்கு அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

டாக்டர் எழுந்தார். மேசையைச் சுற்றிவந்து, ஆதிரைக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வந்துட்டியாம்மா? உன்னைத்தான் இத்தனை மாசமாத் தேடிட்டிருந்தேன்."

ஆதிரை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தவள் போலத் தருணையும் பார்த்தாள்.

"என்னையவா?" என்றாள். "என்னைய எதுக்குங்க தேடுனீங்க?"

"ஒரு பிள்ளை நல்லா இல்லைன்னு தெரியும். பேருதான் தெரியலை."

கௌசல்யா மகளுக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தவள், வேண்டாமென்று விட்டுவிட்டாள். டாக்டர் அவசரப்படாமல் காத்திருந்தார்.

"ஆதிரைங்க" என்றாள் அவள்.